பொதுசனத் தொடர்பும் கட்சிக்காரரும்: ஐவி லீயின் தொழில்வாழ்வை ஆதாரமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

தொழில்களின் வரலாறுகள் பெரும்பாலும் அத்தொழில்களைப் புரிந்தோரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. மருத்துவத்தின் வரலாறு மருத்துவர்களைப் பற்றிப் பேசுகின்றது. சட்டத்தின் வரலாறு சட்டத்தரணிகளையும் நீதிபதிகளையும் பற்றிப் பேசுகின்றது. தம் நோயை மறையாது சொன்ன நோயாளியும், தம் வழக்கின் பலவீனத்தை ஒளியாது உரைத்த கட்சிக்காரரும் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் உருவாகிய பொதுசனத் தொடர்புத் தொழிலின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவி லெட்பெட்டர் லீயின் திறமையும் தவறுகளும் நூல்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவரை நாடி வந்தோரின் இயல்பு அவர்தம் பணியின் தரத்தை எவ்வாறு நிர்ணயித்தது என்பதும் ஆராயத்தக்கதேயாகும்.

இவ்விடத்துச் சொல் ஒன்றைப் பற்றித் தெளிவு வேண்டும். ஒரே கடைக்குத் தொடர்ந்து செல்பவரைத் தமிழ் மக்கள் வாடிக்கையாளர் என்பர். சட்டத்தரணியை நாடிச் செல்பவரைக் கட்சிக்காரர் என்பர். வாடிக்கையாளர் தாம் விரும்பிய பண்டத்தைக் கேட்டு, விலை கொடுத்து வாங்கிச் செல்கின்றார். கடைக்காரர் அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் அறியவேண்டியதில்லை. கட்சிக்காரரோ தமக்குச் சாதகமானவற்றையும் பாதகமானவற்றையும் ஒருங்கே சட்டத்தரணியிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். வழக்கு நில்லாது என்று சட்டத்தரணி கூறுமிடத்து, இணக்கத்துக்கு வரவும் வேண்டியவர். பொதுசனத் தொடர்பு நிறுவனங்களை நாடிச் சென்றோருள் இவ்விரு வகையினரும் இருந்தனர். முதல் வகையினர் நற்பெயரை ஒரு பண்டமாகக் கருதி வாங்க முயன்றனர். இரண்டாம் வகையினர் ஆலோசனை பெற முயன்றனர். லீயின் தொழில்வாழ்வு இவ்வேறுபாட்டை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாக அமைகின்றது. ஒரே மனிதர், ஒரே கொள்கையை முன்வைத்து, வெவ்வேறு இயல்பினரான கட்சிக்காரருக்குப் பணியாற்றியதன் விளைவுகளை அங்கு அருகருகே வைத்து நோக்க முடிகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் புகையிரதம், எண்ணெய், உருக்கு, நிலக்கரி ஆகிய துறைகளிற் பெருங் கம்பனிகள் தோன்றின. இவற்றின் தலைவர்கள் பொதுமக்களுக்கு விளக்கமளிக்கும் கடப்பாடு தமக்கு உண்டு என்று கருதினாரல்லர். மௌனமே அவர்களின் கொள்கையாக இருந்தது. ஆனால் மலிவு விலைச் சஞ்சிகைகளின் வளர்ச்சி இம்மௌனத்தை ஆபத்துக்குரியதாக்கியது. ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை 'மக்குளுவர்ஸ்' சஞ்சிகையில் எழுதிய ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பனியின் வரலாறு, ரொக்பெல்லரின் வணிக முறைகளை நாடறியச் செய்தது. தம்மைப் பற்றி மற்றையோர் எழுதுவதை மட்டுமே மக்கள் வாசிக்கின்றனர் என்பதைக் கம்பனிகள் காலந்தாழ்த்தி உணரத் தொடங்கின. 1900 ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரில் முதலாவது விளம்பரச் செய்தி நிறுவனம் தோன்றியமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

மௌனத்தின் விலையை மிகத் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி, 1902 ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவில் நடைபெற்ற வன்னிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தமாகும். தொழிற்சங்கத் தலைவர் ஜோன் மிட்செல் பத்திரிகையாளரை வரவேற்றுத் தம் தரப்பை விளக்கினார். சுரங்க உடைமையாளரின் தலைவராக விளங்கிய ஜோர்ஜ் பேயர் பத்திரிகையாளருடன் பேச மறுத்தார். தொழிலாளரின் நலன்களைக் காப்போர் கிளர்ச்சியாளர் அல்லர், நாட்டின் சொத்தைக் கடவுள் யாரிடம் ஒப்படைத்துள்ளாரோ அவர்களே என்னும் கருத்துப்பட அவர் எழுதிய கடிதம் ஒன்று வெளியாகியபோது, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஈற்றிற் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். ஆணைக்குழு ஒன்றின் தீர்ப்பின்படி தொழிலாளருக்கு நூற்றுக்குப் பத்து வீத ஊதிய உயர்வு கிடைத்தது. உடைமையாளர் பொதுசன அபிப்பிராயம் என்னும் நீதிமன்றில் ஆஜராகாமலே வழக்கை இழந்தனர் எனலாம்.

1906 ஆம் ஆண்டில் மீண்டும் வேலைநிறுத்த அபாயம் தோன்றியபோது, இதே உடைமையாளர் ஐவி லீயை அமர்த்தினர். 1877 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் மெதடிஸ்த மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த லீ, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, நியூயோர்க்கிற் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர்; பின்னர் ஜோர்ஜ் பாக்கருடன் இணைந்து தமது நிறுவனத்தை நிறுவியவர். 1906 இல் அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய கொள்கைப் பிரகடனம் இத்தொழிலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. தமது பணி இரகசியமானதன்று. யார் சார்பிற் செய்தி வழங்கப்படுகின்றது என்பது வெளிப்படையாகவே கூறப்படும். வழங்கப்படும் செய்தி பிழையற்றதாக இருக்கும். அதனைச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவியளிக்கப்படும் என்பனவே அதன் சாரமாகும்.

இப்பிரகடனத்தை ஆழ்ந்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இதில் லீ அளித்த வாக்குறுதிகளுள் மிகச் சிலவற்றையே அவர் தனித்து நிறைவேற்ற முடியும். செய்தி பிழையற்றதாக இருப்பதற்குக் கட்சிக்காரர் உண்மையைக் கூறவேண்டும். சரிபார்க்க உதவுவதற்குக் கட்சிக்காரர் தம் வாயிற் கதவுகளையும் கணக்கேடுகளையும் திறக்கவேண்டும். வெளிப்படையாக நடப்பதற்குக் கட்சிக்காரர் தம் பெயரைப் பகிரங்கப்படுத்த இசையவேண்டும். ஆகவே, ஆலோசகரின் பெயரால் வெளிவந்த இப்பிரகடனம் நடைமுறையிற் கட்சிக்காரரின் கடமைகளையே எடுத்துரைத்தது.

இக்கடமைகளைப் பெருமளவு நிறைவேற்றிய கட்சிக்காரராகப் பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பனியைக் குறிப்பிடலாம். அக்காலத்திற் புகையிரத விபத்து நிகழ்ந்தால் அதனை மூடி மறைப்பதும், பத்திரிகையாளரை அவ்விடத்துக்கு அணுகவிடாது தடுப்பதும் கம்பனிகளின் வழக்கம். 1906 ஆம் ஆண்டிற் கம்பனியின் ஆலோசகராகிய லீ இவ்வழக்கத்தை மாற்றினார். விபத்து நிகழ்ந்த இடத்துக்குப் பத்திரிகையாளரைக் கம்பனியே அழைத்துச் செல்லவேண்டும், கேட்கப்படும் விபரங்களை வழங்கவேண்டும் என்பது அவர் ஆலோசனை. அதே ஆண்டு ஒக்ரோபர் 28 ஆந் திகதி, அக்கம்பனிக்குச் சொந்தமான துணைக் கம்பனி ஒன்றின் மின்சார வண்டி அட்லாண்டிக் சிற்றிக்கு அருகே பாலமொன்றிலிருந்து நீரில் வீழ்ந்து 53 பேர் மாண்டனர். அவ்வேளை கம்பனியின் சார்பில் லீ வெளியிட்ட அறிக்கை, பத்திரிகை அறிக்கை என்னும் வடிவத்தின் முன்னோடியாக வரலாற்று நூல்களிற் குறிப்பிடப்படுகின்றது.

இங்கு லீயின் புதுமையை மட்டும் வியந்து நிற்றல் போதாது. விபத்தைப் பகிரங்கப்படுத்துமாறு கூறிய ஆலோசகருக்குச் செவிசாய்க்கும் துணிவு கம்பனியிடம் இருந்தமையே முதன்மையானது. அப்போதைய தலைவர் அலெக்சாண்டர் கசாட், பெருங் கம்பனிகளுக்கு இரகசியமாகக் கட்டணக் கழிவு வழங்கும் முறையை ஒழிக்க முன்னின்றவர். வெளிச்சத்தைத் தாங்கவல்ல நடத்தை ஓரளவுக்கேனும் அங்கு ஏலவே இருந்தது.

சரக்குக் கட்டண உயர்வுப் பிரச்சினையும் இதற்குச் சான்றாகும். கிழக்குப் பகுதிப் புகையிரதக் கம்பனிகள் 1910 இற் கோரிய உயர்வை, மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழு 1911 இல் நிராகரித்தது. 1913 இலும் 1914 இலும் மீண்டும் கோரிக்கை எழுப்பப்பட்டபோது, லீ துண்டுப் பிரசுரங்கள், அறிவித்தல்கள், சொற்பொழிவுகள் ஆகியவற்றின் மூலம் கம்பனிகளின் வரவுசெலவு நிலையை மக்கள்முன் வைத்தார். 1914 டிசம்பரில் ஐந்து வீத உயர்வு பெருமளவிற்கு அனுமதிக்கப்பட்டது. இம்முடிவுக்கு அவ்வாண்டு மூண்ட ஐரோப்பியப் போரினால் விளைந்த பொருளாதார நிலைமையும் காரணமாயிருந்தமையால், வெற்றி முழுவதையும் லீயின் பிரசாரத்துக்கு உரியதாக்குதல் பொருந்தாது. எனினும், வாதத்தை முன்வைத்தவர் இன்னார் என்பதும், எதற்காக முன்வைக்கின்றார் என்பதும் அனைவருக்கும் தெரிந்திருந்தன. மறுத்துரைக்க விரும்பியோர் மறுத்துரைக்கவும் முடிந்தது.

இதே காலப்பகுதியிலேதான் லீயின் வாழ்விலே பெருங் களங்கமாக அமைந்த கொலராடோ நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு நாற்பது வீதமளவு ரொக்பெல்லர் குடும்பத்திடம் இருந்தது. 1913 செப்ரெம்பரில் அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சங்க அங்கீகாரமும், எட்டு மணிநேர வேலையும், தாம் வெட்டிய நிலக்கரியின் நிறையைச் சரிபார்க்கத் தாமே ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமையும், விரும்பிய கடையிற் பொருள் வாங்கும் சுதந்திரமும் அவர்தம் கோரிக்கைகளுட் சில. இவற்றுட் பல அம்மாநிலச் சட்டத்தில் ஏலவே இடம்பெற்றிருந்தும் நடைமுறைப்படுத்தப்படாதவை. கம்பனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கூடாரங்களிற் குளிர்காலத்தைக் கழித்தன.

1914 ஏப்ரல் 6 ஆந் திகதி ரொக்பெல்லரின் மகனான இளைய ஜோன் ரொக்பெல்லர் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன்னிலையிற் சாட்சியமளித்தார். பத்து ஆண்டுகளாகத் தாம் அச்சுரங்கங்களுக்குச் சென்றதில்லை என ஒப்புக்கொண்ட அவர், முகாமையாளரின் நிலைப்பாட்டை முற்றாக ஆதரித்தார். இரு வாரங்களின் பின், ஏப்ரல் 20 இல், லட்லோ என்னுமிடத்திலிருந்த கூடாரக் குடியிருப்பை மாநிலப் படையினர் தாக்கினர். கூடாரங்கள் தீக்கிரையாகின. கூடாரமொன்றின் கீழ்த் தோண்டப்பட்ட குழியில் அடைக்கலம் புகுந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத்திணறி மாண்டனர். அன்று இறந்தோர் தொகை இருபது அளவினதாகும். ரொக்பெல்லரின் பெயர் நாடெங்கும் பழிச்சொல்லாயிற்று.

இந்நிலையிலேயே இளைய ரொக்பெல்லர் மாதம் 1,000 டொலர் ஊதியத்தில் லீயின் சேவையைப் பெற்றார். கொலராடோப் போராட்டத்தின் உண்மைகள் என்னும் பொருள்படும் தலைப்பில் லீ ஒரு பிரசுரத் தொடரைத் தயாரித்தார். 1914 இன் கோடைகாலத்தில் அது நாட்டின் செல்வாக்குள்ளோர் பலருக்கு அனுப்பப்பட்டது. அப்பிரசுரங்கள் சுரங்க முகாமையாளர் குழுவின் பெயரிலேயே வெளிவந்தன. லீயின் பெயர் அவற்றிற் காணப்படவில்லை. அவற்றிலிருந்த செய்திகளுட் சில பாரதூரமான பிழைகளாயிருந்தன. சங்க நிர்வாகிகள் ஓராண்டிற்குப் பெற்ற தொகை ஒன்பது வாரங்களிற் பெற்ற தொகையாகக் காட்டப்பட்டது. தொழிலாளரின் முதிய தலைவியான அன்னை ஜோன்ஸ் மீது அவதூறும் சுமத்தப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிப்படைத் தன்மையையும் பிழையற்ற செய்தியையும் வாக்களித்தவர் இவ்விரண்டையும் ஒருங்கே கைவிட்டார்.

1915 இற் கைத்தொழில் உறவுகள் ஆணைக்குழுவின் தலைவர் பிராங் வோல்ஷ் லீயை விசாரித்தார். கம்பனியினர் தந்த விபரங்களை உறுதிப்படுத்தத் தாம் எம்முயற்சியும் எடுக்கவில்லை என லீ ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கவிஞர் கார்ள் சாண்ட்பேர்க் அவரைக் கூலிக்குப் பொய் சொல்பவர் எனச் சாடினார். நாவலாசிரியர் அப்டன் சிங்கிளேயர் சூட்டிய 'நச்சு ஐவி' என்னும் பட்டப்பெயர் லீயின் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

இத்தவறுக்கு லீ பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவருக்குப் பொய்யான விபரங்கள் எவ்வழியாக வந்தன என்பது கவனத்துக்குரியது. நியூயோர்க்கிலிருந்த ரொக்பெல்லர் கொலராடோவைப் பற்றித் தாமாக அறிந்தது ஒன்றுமில்லை. லமொண்ட் போவர்ஸ் முதலிய முகாமையாளரின் கடிதங்களையே நம்பியிருந்தார். லீயும் அதே ஊற்றிலிருந்தே நீர் மொண்டார். தம் நிறுவனத்தைப் பற்றித் தாமே அறியாத கட்சிக்காரர், தாம் விரும்பினாலும் ஆலோசகருக்கு உண்மையைத் தர முடியாது. கட்சிக்காரரின் அறியாமை ஆலோசகரின் கையிற் பொய்யாக உருமாறி வெளிப்பட்டது.

ஆயின், இவ்வரலாறு அத்துடன் முடியவில்லை. 1914 ஓகஸ்டில் லீ கொலராடோவுக்கு நேரிற் சென்றார். தொழிலாளர் தம் குறைகளை மேலிடத்துக்கு எடுத்துரைக்க வழியேதும் இல்லாதிருப்பதைக் கண்டு ரொக்பெல்லருக்கு அறிவித்தார். ரொக்பெல்லர் மன்றம், கனடாவின் முன்னாள் தொழில் அமைச்சரும் பிற்காலப் பிரதமருமான மக்கென்சி கிங்கைத் தொழில் உறவுகள் பற்றிய ஆய்வுக்கு அமர்த்தியது. புதிய போக்குக்கு இசையாத போவர்ஸ் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1915 ஜனவரியில் ரொக்பெல்லர் அன்னை ஜோன்சைச் சந்தித்து உரையாடினார். அதே ஆண்டு செப்ரெம்பரிற் கொலராடோவுக்குச் சென்று, இரு வாரமளவில் சுரங்கங்களைப் பார்வையிட்டு, தொழிலாளரின் இல்லங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றார். தொழிலாளர் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து முகாமையுடன் பேச வகைசெய்யும் திட்டமொன்று ஒக்ரோபரில் வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட்டது.

மேற்கூறிய மாற்றத்தை அளவுக்கு மிஞ்சிப் புகழ்தல் வரலாற்று நேர்மையாகாது. சுதந்திரமான தொழிற்சங்கத்தைக் கம்பனி ஏற்கவில்லை. அது நிறுவிய பிரதிநிதித்துவத் திட்டம் கம்பனியின் அரவணைப்பிலேயே இயங்கியது. பின்னரும் அங்கு வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1935 இல் நிறைவேறிய தேசியத் தொழில் உறவுகள் சட்டம் இத்தகைய கம்பனிச் சங்கங்களுக்குத் தடை விதித்தது. 1918 இல் லட்லோவிற் சுரங்கத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய நினைவுச்சின்னம், எந்தப் பிரசுரத்தினாலும் மறைக்க முடியாத சாட்சியமாக நின்று நிலவுகின்றது. எனினும், 1914 இன் பிரசுரங்கள் ரொக்பெல்லருக்குத் தேடித்தராத மதிப்பை 1915 இன் பயணம் ஓரளவுக்குத் தேடித்தந்தது. முன்னது சொல்லை மட்டும் மாற்ற முயன்றது. பின்னது நடத்தையிற் சிறிதளவேனும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. கட்சிக்காரர் மாறிய அளவுக்கே ஆலோசகரின் பணி பயன் தந்தது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

லீயின் இறுதிக் கட்சிக்காரருள் ஒன்று இப்படிப்பினையை மறுதலையாக நிறுவுகின்றது. ஜேர்மனியின் மாபெரும் இரசாயனக் கூட்டு நிறுவனமான ஐ. ஜி. பார்பன், ஹிட்லர் பதவியேற்ற 1933 ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 25,000 டொலர் ஊதியத்தில் லீயை அமர்த்தியது. அமெரிக்காவில் ஜேர்மனி பற்றி நிலவிய கண்டனத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே வினா. லீ ஜேர்மனிக்குச் சென்று ஹிட்லரையும் கோயபல்சையும் சந்தித்தார். 1934 இற் பிரதிநிதிகள் சபையின் விசேட விசாரணைக் குழுவின் முன்னிலையில் அவர் சாட்சியமளித்தார். ஜேர்மன் அரசிடமிருந்து தாம் பணம் பெறவில்லை எனவும், அமெரிக்காவிற் பிரசாரம் எதுவும் செய்யவில்லை எனவும், யூதர் மீதான கொடுமையை அமெரிக்க மக்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள் எனத் தாம் எடுத்துரைத்ததாகவும் அவர் கூறினார். அச்சாட்சியம் வெளியானபோது பத்திரிகைகள் அவரை நாசிகளின் கையாளாகவே சித்திரித்தன.

அவர் அளித்த ஆலோசனை அவர் கூறியவாறே அமைந்திருந்ததாகக் கொண்டாலும், அதன் பயன் யாது? இடித்துரைக்கும் அமைச்சரைப் பெற்ற மன்னன் அவர் சொற்கேட்டு நடந்தாலன்றி, அமைச்சரின் இருப்பு மன்னனின் கொடுமைக்கு மறைப்பாகவே முடியும். ஜேர்மனியின் நடத்தை நாளுக்கு நாள் கொடூரமடைந்தது. பிற்காலத்தில் அவுஷ்விற்சில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய இதே நிறுவனத்தின் பணிப்பாளருள் 13 பேர் 1948 இல் நூரம்பேர்க்கிற் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அக்கட்சிக்காரருக்கு வேண்டியிருந்தது லீயின் அறிவுரையன்று; லீ என்னும் பெயருக்கு அமெரிக்க வணிக உலகில் இருந்த செல்வாக்கேயாகும். மூளைக் கட்டியினால் நோயுற்றிருந்த லீ 1934 நவம்பர் 9 ஆந் திகதி, தமது 57 ஆவது வயதில், இக்களங்கம் நீங்காமலே காலமானார்.

லீயின் காலத்துக்குப் பிந்திய வரலாறும் இதே முடிபையே வலியுறுத்துகின்றது. 1953 டிசம்பரில், புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் இடையிலான தொடர்பை ஆய்வுகள் வெளிப்படுத்தத் தொடங்கியிருந்தபோது, அமெரிக்கச் சிகரெற் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க்கிற் கூடி, ஹில் அன்ட் நோல்டன் என்னும் பொதுசனத் தொடர்பு நிறுவனத்தை நாடினர். 1954 ஜனவரி 4 இல் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வெளியான அவர்களின் அறிக்கை, மக்களின் ஆரோக்கியமே தமது முதற் பொறுப்பு எனக் கூறியது. ஆய்வுக் குழுவொன்றும் அமைக்கப்பட்டது. ஆனால், உண்மையைக் கண்டறிவதற்கன்றி ஐயத்தை நீடிப்பதற்கே அம்முயற்சி பயன்பட்டது. அக்கம்பனிகள் பல தசாப்தங்களாக மக்களை ஏமாற்றியதாக 2006 இல் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஊதியம் கொடுப்பதில் அக்கம்பனிகள் குறைவைத்தவையல்ல. நிறுவனங்களின் பேரேட்டில் அவை சிறந்த கட்சிக்காரராகவே தோன்றியிருக்கும். வரலாற்றின் பேரேட்டில் அவை பெற்ற இடம் வேறாகும்.

இதற்கு எதிரிடையான எடுத்துக்காட்டு 1982 இல் நிகழ்ந்தது. சிக்காகோப் பகுதியில், டைலனோல் என்னும் வலிநிவாரணி மருந்துக் குளிகைகளில் யாரோ சயனைட் நஞ்சைக் கலந்ததனால் எழுவர் இறந்தனர். குளிகைகள் தொழிற்சாலையை விட்டு நீங்கிய பின்னரே நஞ்சு கலக்கப்பட்டதாகக் கருதப்பட்டபோதிலும், ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் பேர்க் 31 மில்லியன் போத்தல்களைத் திரும்பப் பெறுமாறு பணித்தார். செலவு 100 மில்லியன் டொலரைத் தாண்டியது. பத்திரிகையாளரின் வினாக்களுக்குத் தடையின்றி விடையளிக்கப்பட்டது. பிறர் திறந்தால் உடனே தெரியக்கூடிய புதிய மூடியுடன் மருந்து மீண்டும் சந்தைக்கு வந்தபோது மக்கள் அதனை ஏற்றனர். பொதுசனத் தொடர்பு ஆலோசகர்கள் இந்நிகழ்ச்சியைத் தம் தொழிலின் வெற்றியாக எடுத்துக்காட்டுவது வழக்கம். உண்மையில், சொல்லத்தக்க செயலைக் கட்சிக்காரர் முதலிற் செய்தமையினாலேயே ஆலோசகர்களுக்குச் சொல்லுதற்கு ஒன்று இருந்தது. இதே நிறுவனம் பிற்காலத்திற் குழந்தைகளுக்கான முகமாவு தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளை எதிர்கொண்டு, குற்றச்சாட்டை மறுத்துவந்தபோதிலும், 2020 இல் வட அமெரிக்காவில் அவ்வகை மாவின் விற்பனையை நிறுத்தியமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நல்ல கட்சிக்காரர் என்பது நிலையான பட்டமன்று. ஒவ்வொரு நெருக்கடியிலும் புதிதாக ஈட்டப்படவேண்டிய தகுதியாகும்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழக்கூடும். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சட்டத்தரணி உண்டு. அவ்வாறாயின் பொதுசனத் தொடர்பு நிறுவனம் மட்டும் தன்னை நாடி வருவோரின் நடத்தையை ஆராயவேண்டியது ஏன் என்பதே அவ்வாட்சேபம். லீயும் பொதுசன அபிப்பிராயத்தை நீதிமன்றத்துக்கு ஒப்பிட்டுப் பேசியவரேயாவர். ஆனால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உண்டு. சாட்சியச் சட்டம் உண்டு. தீர்ப்பளிக்க நடுநிலை நீதிபதி உண்டு. சட்டத்தரணி யாருக்காகத் தோன்றுகின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1914 இன் பிரசுரங்களை வாசித்தவருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. லட்லோவில் மாண்டவரின் உறவினருக்கு அத்தகைய பிரசுரங்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் வசதி இருக்கவில்லை. எனவே, நீதிமன்றம் தன் விதிகளால் வழங்கும் பாதுகாப்பை, இத்துறையிற் கட்சிக்காரரின் நேர்மையும் ஆலோசகரின் மறுக்கும் துணிவும் சேர்ந்தே வழங்கவேண்டியுள்ளது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்ல கட்சிக்காரருக்குரிய பண்புகள் சில தெளிவாகின்றன. தம் நிறுவனத்தின் அடிநிலையில் நடப்பதை அவர் தாமே அறிந்திருப்பார். கசாட்டுக்கும் 1914 இன் ரொக்பெல்லருக்கும் இடையிலான வேறுபாடு இதுவாகும். பாதகமான உண்மையையும் ஆலோசகரிடம் ஒப்படைப்பார். ஆலோசனை கசப்பாயினும், அதற்கேற்பத் தம் நடத்தையை மாற்ற ஆயத்தமாயிருப்பார். தாம் பேசுவதைத் தம் பெயரிலேயே பேசுவார். இந்நான்கும் இல்லாதவிடத்து, ஊதியம் எத்துணை பெரிதாயினும், ஆலோசகர் விற்பது தமது பெயரையேயன்றித் தமது அறிவையன்று.

லீ இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1938 இல், அமெரிக்கக் காங்கிரஸ் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அவரது இறுதிக் கட்சிக்காரர் தொடர்பான விசாரணையும் இச்சட்டத்துக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாகும். வெளிநாட்டார் சார்பில் அமெரிக்காவிற் பிரசாரம் செய்வோர், தாம் யாருக்காகப் பணியாற்றுகின்றனர் என்பதைப் பகிரங்கமாகப் பதிவுசெய்யவேண்டும் என அது விதித்தது. யார் சார்பிற் பேசப்படுகின்றது என்பது வெளிப்படையாக இருக்கும் என 1906 இல் ஓர் இளம் பத்திரிகையாளர் தாமாக முன்வந்து அளித்த வாக்குறுதியை, முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் அரசு சட்டத்தின் வலிமையாற் பெறவேண்டியதாயிற்று.